சித்தப்பாவின் இடது கை இன்னும் இறங்கவில்லை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன். யாருக்காகவும் எதையும் மாற்றி எழுத மாட்டேன். அம்மாவுக்காகக்கூட மாட்டேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்க வேண்டும் என எங்கள் பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் உறுதி கூறிவிட்ட பிறகு அப்படி எழுத முடியவில்லை. அம்மாவுக்குக் கழுத்து வலி. கஞ்சி மாமாவுக்கு ஜலதோஷம். சட்டைக் காலர்களுக்குக் கஞ்சி போடும்போது தும்மித் தும்மி, எல்லாக் காலரும் ஒரு பக்கம் மட்டும் விறைப்பாக வருகின்றன. அத்தை நலம். நான் நலம், என் மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் மட்டும் உடைந்திருக்கிறது. அப்பா நலமாக இருப்பதுபோல் இருக்கிறார். நீங்களும் அங்கே நலமாக இருப்பதுபோல்தான் இருக்கிறீர்கள் என்று உங்கள் போன் குரலிலிருந்து நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சலவைக்கடையின் பின்முற்றத்துக்குக் கூரை போடப்போகிறார்கள். துணி உலர்த்தும் பெரிய இயந்திரம் வரப்போகிறதாம். மேஸ்திரி வந்து தரையெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். ஒரு கோடு சரியாக, நம் பேஸ்பால் ஆட்டத்தில் ஓடுகிறவர் மிதிக்கிற இரண்டாவது பேஸ் மேல் போகிறது. "அங்கே ஒரு தூண் வரும் பாப்பா" என்றார். இரண்டாவது பேஸில் தூண் வந்தால் ஓடி வருகிறவர் என்ன செய்வார் என்று கேட்டேன். "சுத்திட்டுப் போவாரு" என்றார். அவருக்கு விளையாட்டே தெரியவில்லை, சித்தப்பா. ஆகவே வருகிற ஞாயிறு மாலைதான் நம் முற்றத்தின் கடைசி ஆட்டம். நீங்கள் வர வேண்டும். ஆசைக்காகக் கூப்பிடவில்லை, சட்டப்படி கூப்பிடுகிறேன். காரணத்தைக் கீழே விளக்குகிறேன். உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் ஆதாரம் முழுமையாக இருக்க வேண்டும்.

முதலில், பேஸ்பால் நம் கடைக்கு எப்படி வந்தது என்பது. யாரோ ஒரு வாடிக்கையாளர் அழுக்குத்துணிப் பை என்று நினைத்து வேறொரு பையை வைத்துவிட்டுப் போனார். அதில் ஒரு மட்டை, ஒரு பந்து, இரண்டு தோல் கையுறைகள், ஒரு விதிப்புத்தகம். அவர் திரும்பி வரவேயில்லை. யாரும் கேட்டு வராத துணியை நாம் ஒரு வருடம் வைத்திருப்போம் அல்லவா, அதேபோல் அதையும் வைத்திருந்தோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்தீர்கள். மற்ற ஊர்களில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு விதியைப் படிப்பார்கள். நாம் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை, விதியை மட்டும் படித்துவிட்டு விளையாடினோம். அதனால்தான் நம் முற்றத்தில் பந்தைப் பிடிக்கத் தெரியாதவர்கள்கூட விதியைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள்.

அப்பாவும் அம்மாவும் பேக்கரிக்காரரும் உலர்ந்த கட்சி. பேக்கரிக்காரர் பக்கத்துக் கடைதான், இருந்தாலும் அடுப்பு வேலை செய்பவர் என்பதால் இஸ்திரி அறையோடு சேர்த்துக்கொண்டோம். அத்தை, கஞ்சி மாமா, துவைக்கும் அறைக்காரர்கள் எல்லாம் ஈரக் கட்சி. முதல் பேஸ் சோப்புத்தூள் வாளியின் மூடி. இரண்டாவது பேஸ் சாக்கடை மூடி. மூன்றாவது பேஸ் இஸ்திரி அறையின் வாசற்படி. கடைசியில் ஓடி வந்து மிதிக்க வேண்டிய இடம், மூட்டைகளை நிறுக்கும் எடைமேடை. மிதித்தவுடன் முள் ஆடி நிற்கும், புள்ளி எடுத்தவரின் எடை எல்லோருக்கும் தெரிந்துவிடும். அத்தை அதற்குப் பயந்தே பந்தை அடிக்காமல் இருக்கிறார் என்று கஞ்சி மாமா கேலி செய்வார். "எனக்கு மூணாவது பேஸ் வரைக்கும் போனா போதும், அதுக்கு மேல நான் ஆசைப்படல" என்பார் அத்தை. ஆனால் நான் பின்னால் சொல்லப்போகிற அந்த ஒரு நாள் தவிர, இரண்டாவது பேஸைக்கூட அவர் தாண்டியதில்லை.

நடுவர் நீங்கள். கேட்டு வராத துணிகளிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டு எடுத்துப் போட்டிருப்பீர்கள். கோட்டு பிரஷ்ஷால் எடைமேடையைத் துடைப்பீர்கள். நான் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பேன். "பூச்சி, வழிமறிப்பு எந்தப் பக்கம்?" என்று திரும்பாமலே கேட்பீர்கள். நான் பக்கத்தைப் புரட்டுவதற்குள் அங்கே சண்டை முடிந்து அடுத்த சண்டை தொடங்கியிருக்கும். பேக்கரியிலிருந்து பன் வேகும் வாசனையும் நம் பக்கத்துச் சோப்பு வாசனையும் முற்றத்தின் நடுவில் சந்தித்துக்கொள்ளும். அந்த வாசனையை இப்போதும் நான் தினமும் முகர்கிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசனை மாதிரி இல்லை. ஏன் என்று புரியவில்லை, இரண்டு கடையிலும் பொருளை மாற்றவில்லை.

இனி வழிமறிப்பு. இதைத்தான் நான் நன்றாகப் படித்திருக்கிறேன். கையில் பந்து இல்லாத ஒருவர், பந்தைப் பிடிக்கிற வேலையிலும் இல்லாதபோது, ஓடுகிறவரின் வழியில் நின்றால் அது வழிமறிப்பு. பந்து கையில் இருந்தால் நிற்கலாம், எந்தப் பேஸிலும் இல்லாமல் ஓடுகிறவரை அந்தக் கையால் தொட்டால் அவர் அவுட். இல்லையென்றால் ஒதுங்க வேண்டும். மறிக்கப்பட்டவரையே அவுட் ஆக்க முயன்றுகொண்டிருந்தார்கள் என்றால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும், ஓடுகிறவருக்குக் குறைந்தது அடுத்த பேஸ் கிடைக்கும். அப்படி இல்லையென்றால் நடுவர் இடது கையை நீட்டிக் காட்டிவிட்டு ஆட்டத்தை நடக்க விடுவார். எல்லாம் ஓய்ந்த பிறகு 'டைம்' என்பார். அப்புறம்தான் தீர்ப்பு: இந்த மறிப்பு நடக்காமலே இருந்திருந்தால் அவர் எங்கே போய்ச் சேர்ந்திருப்பாரோ அங்கே அவரைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். நடந்ததைப் பார்த்துவிட்டு, நடக்காமல் போனதையும் பார்க்கிற வேலை இது. வேறு எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு அழகான விதியை நான் படித்ததில்லை, அறிவியல் புத்தகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் வெளியூர் போன பிறகு, ஓடத் தெரியாது, ஆனால் படிக்கத் தெரியும் என்பதால் என்னை நடுவராக்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே கஞ்சி மாமா ஒரு பந்தைத் தாவிப் பிடிக்கப் போய்த் தவறவிட்டு, முதல் பேஸுக்கு முன்னால் நீட்டிப் படுத்துவிட்டார். ஓடி வந்த பேக்கரிக்காரர் அவரைத் தாண்ட முடியாமல் நின்றார். நான் இடது கையை நீட்டினேன். "ஐயோ பாப்பா, நான் விழுந்து கிடக்கேன், மறிச்சா நிக்கிறேன்?" என்றார் மாமா. பந்து போன பிறகும் படுத்திருந்தால் அது வழிமறிப்புதான் என்றேன். "வேணும்னு செய்யலையே!" "வேணும்னு செஞ்சீங்களான்னு புத்தகம் கேக்கவே இல்ல மாமா." அவர் படுத்தபடியே, "அப்போ ஒரு தலகாணி குடு, தீர்ப்பு சொல்லி முடிக்கிற வரைக்கும் தூங்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இஸ்திரி அறை ஜன்னலில் அப்பாவின் தலை தெரிந்தது. நான் பார்த்தவுடன் உள்ளே போய்விட்டது.

அதன் பிறகு என் இடது கை என் பேச்சைக் கேட்பதில்லை, சித்தப்பா. ஒருநாள் அம்மா படுக்கைவிரிப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடையில் வந்தார். அப்பா கையில் ஒன்றும் இல்லாமல், எதையோ யோசித்தபடி நடுவழியில் நின்றார். கை தானாக நீண்டுவிட்டது. "வீட்லயுமா?" என்றார் அப்பா. அம்மாவோ, "பூச்சி, எனக்கு எந்த பேஸுன்னு சொல்லு" என்று மூட்டையை இறக்கிவிட்டு நின்றுகொண்டார். மறிப்பு நடக்காமல் இருந்திருந்தால் அம்மா இந்நேரம் மூட்டையை வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, சூடாகக் காபி குடித்துக்கொண்டிருப்பார் என்று தீர்ப்பளித்தேன். காபியை அப்பாதான் போட வேண்டியதாயிற்று. மறுநாளிலிருந்து அம்மா வேண்டுமென்றே அப்பா நிற்கிற பக்கமாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பள்ளியிலும் ஒரு சங்கடம் நேர்ந்துவிட்டது. நூலக வாசலில் தலைமையாசிரியை கையில் புத்தகம் இல்லாமல் நின்றிருந்தார். மேலே எழுத விரும்பவில்லை, ஆனால் உண்மை எழுதுவதாகச் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன்: அவருக்கும் கை நீட்டிவிட்டேன். ஒரு வாரம் நூலகத்துக்குள் விடவில்லை. என் வாழ்க்கையிலேயே துயரமான வாரம் அது.

சரி, இப்போது அந்த நாள். போன வருடம், நீங்கள் வெளியூருக்குப் போவதற்கு முந்தைய மாலை. வேன் ஓட்டும் புது வேலைக்குப் போகிறீர்கள் என்பதால் எல்லோரும் வந்திருந்தார்கள். கடைசி நேரத்தில் ஏதோ விடுதியிலிருந்து விரிப்புகள் குவிந்துவிட்டன. அவசரம் என்று கொடிகளில் ஈரத்தோடு தொங்கவிட்டிருந்தோம். கழற்ற முடியாது, ஆட்டத்தையும் விட முடியாது. "துணிக்குள்ள போனாலும் பந்து பந்துதான்" என்று சொல்லி நீங்கள் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தீர்கள். வெள்ளைத் துணி, வெள்ளைப் பந்து. யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே கால்களை வைத்துத்தான் தெரிந்தது.

அத்தை மட்டையை வீசினார். கண்ணை மூடிக்கொண்டுதான் வீசினார் என்று இப்போதும் சொல்கிறார். பந்து பேக்கரிச் சுவர் வரைக்கும் போனது! அத்தை அடித்த முதல் நிஜமான அடி. "ஓடு, ஓடு!" என்று கஞ்சி மாமா கத்தினார். அத்தைக்கு அதிர்ச்சியில் எந்தப் பக்கம் என்று மறந்துபோய், பிறகு ஞாபகம் வந்து, ஓடினார். முதல் பேஸ். சாக்கடை மூடி. அதையும் தாண்டி, விரிப்புகளை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டே. பேக்கரிக்காரர் பந்தைத் தேடி எடுத்து மூன்றாவது பேஸ் பக்கமாக எறிந்தார். பந்து துணிகளுக்குள் புகுந்தது. அதன் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. வாசற்படிக்கு முன்னால் ஒரு விரிப்புக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். அத்தை அவர்மேல் மோதி, கொடி அறுந்து, இருவரும் ஒரே விரிப்பில் சுருண்டு விழுந்தார்கள்.

நீங்கள் இடது கையை நீட்டி, "வழிமறிப்பு!" என்றீர்கள். எல்லோரும் பந்தைத் தேடினார்கள். அப்பா விரிப்பிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "எதுடா வழிமறிப்பு? நான் என் இடத்துல நிக்கிறேன்" என்றார்.

"பந்து உங்க கையில இல்லண்ணா."

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அத்தையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அப்புறம், "இவ்ளோ பேர் முன்னாடி அண்ணன்னு ஒரு இது இல்லையா உனக்கு?" என்றார்.

"நடுவருக்கு அண்ணன் கிடையாது" என்றீர்கள்.

அது விதிப்புத்தகத்தில் இல்லை, சித்தப்பா. நான் முழுவதும் தேடிப் பார்த்துவிட்டேன்.

அப்பா விரிப்பை உடம்போடு சுற்றியபடியே எழுந்து உள்ளே போய் இஸ்திரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நீங்கள் கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போனீர்கள். காலையில் பஸ் ஏறிவிட்டீர்கள். நீங்கள் போன் செய்யும்போது அப்பா எடுத்தால் ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டுகிறார். 'அவன் சாப்பிடறானான்னு கேளு' என்று கையாலேயே ஜாடை காட்டுகிறார். நீங்கள் அந்தப் பக்கம், 'அண்ணன் இருமறாரே, மருந்து சாப்பிடறாரா' என்கிறீர்கள். நடுவில் நின்று நானே கேட்டுக்கொண்டு நானே பதில் சொல்கிறேன். அப்பா அதன் பிறகு ஆடவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே உட்கார்ந்து, தேய்த்த தலையணை உறையையே மறுபடியும் தேய்க்கிறார். தொலைந்த பந்துக்குப் பதிலாக, ஜோடி இல்லாத காலுறைகளைச் சுருட்டி அத்தை தைத்துக் கொடுத்த பந்தில்தான் விளையாடுகிறோம். அடித்தால் 'பொத்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

இப்போது என் வாதம். போன வாரம் அந்தப் பகுதியை மறுபடியும் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பந்தையே காணோம், அதனால் அத்தையை யாரும் அவுட் ஆக்க முயலவில்லை என்று நீங்கள் இடது கையை நீட்டினீர்கள். ஆனால் 'டைம்' என்று சொல்லவேயில்லை! எல்லோரிடமும் தனித்தனியாக விசாரித்துவிட்டேன். யாருக்கும் நீங்கள் சொன்னதாக ஞாபகம் இல்லை. 'டைம்' சொல்லவில்லை என்றால் ஆட்டம் ஓயவில்லை. ஆட்டம் ஓயவில்லை என்றால் தீர்ப்பு இல்லை. அதாவது, அத்தை ஒரு வருடமாக இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில்தான் இருக்கிறார். துணி துவைப்பது, தூங்குவது எல்லாம் அங்கிருந்தபடியே செய்கிறார். உங்கள் இடது கை இன்னும் நீண்டபடியே இருக்கிறது. அந்தக் கையோடு நீங்கள் எப்படி வேன் ஓட்டுகிறீர்கள் என்று தெரியவில்லை.

மறிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அத்தை எங்கே போயிருப்பார்? பேக்கரிக்காரர், "மூணாவது பேஸ். அதுக்கே மூச்சு வாங்கியிருக்கும்" என்கிறார். கஞ்சி மாமா, "நேரா எடைமேடைதான், அன்னிக்கு அவ ஓடின ஓட்டத்துக்கு முள்ளே நின்னிருக்காது" என்கிறார். அத்தை, "எனக்கு அந்தப் படி போதும், எடைமேடை எல்லாம் வேண்டாம்" என்கிறார். இவர்கள் சொல்வது எதுவும் செல்லாது. எவ்வளவு வேகமாக ஓடினார், பந்து எங்கே இருந்தது என்பதைப் பார்த்த நடுவர்தான் சொல்ல முடியும். வேறு நடுவரை வைத்துத் தீர்க்கலாமா என்று தேடினேன். நான் அப்போது வாளிமேல் உட்கார்ந்து பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன், அதனால் பார்க்கவில்லை. கூரை போட்டுவிட்டால் அப்புறம் அத்தையைக் கொண்டுபோய் வைக்க பேஸே இருக்காது. அதோடு, நான் இன்னொன்றையும் யோசித்தேன். மறிப்பு நடக்காமலே இருந்திருந்தால் மற்றவர்களும் எங்கே இருந்திருப்பார்கள்? அன்று இரவு அப்பாவும் நீங்களும் சேர்ந்து உங்கள் பெட்டியைக் கட்டியிருப்பீர்கள். காலையில் அப்பா பஸ் நிலையத்துக்கு வந்திருப்பார். அந்த இடத்தில் உங்கள் இருவரையும் கொண்டுபோய் வைக்கும் அதிகாரம் எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. கிடைத்தால் எழுதுகிறேன்.

அப்பாவிடம் நேற்று, சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை வருவாரா என்று கேட்டேன். "வரமாட்டான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வந்தா..." என்று தொடங்கி, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டார். ஆவியில் மிச்சம் கேட்கவில்லை.

ஆகவே வாருங்கள். கறுப்புக் கோட்டைத் துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். பித்தான் ஒன்று மட்டும் வேறு நிறம். அம்மா உங்களை வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். கஞ்சி மாமா கேட்டதாகச் சொல்லச் சொன்னார், சொல்லும்போதே தும்மினார். பேக்கரிக்காரர் உங்களுக்கென்று ஒரு பன் எடுத்து வைப்பதாகச் சொன்னார். நீங்கள் வரவில்லையென்றால் அதை நான் சாப்பிட நேரிடும் என்பதையும் நேர்மையாகத் தெரிவித்துக்கொள்கிறேன். எல்லாப் பெரியவர்களின் ஆசியும் உங்களுக்கு உண்டு. அப்பாவின் ஆசியும் உண்டு, ஆனால் அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

கீழ்ப்படிதலுள்ள,
பூச்சி

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் தவறு, சித்தப்பா. கிழிக்க நினைத்தேன், ஆனால் உண்மையாக எழுதிய தவறு என்பதால் அப்படியே அனுப்புகிறேன். நடந்தது இதுதான். நான் இஸ்திரி மேசையின் ஓரத்தில் வைத்துத்தான் இதை எழுதினேன். எதிரே அப்பா தேய்த்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கிற சீட்டுகளைப் படித்துப் பழகியதால் அவருக்குத் தலைகீழாகப் படிக்க வரும் என்பதை நான் மறந்துவிட்டேன். "கீழ்ப்படிதலுள்ள" என்று எழுதியதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அறுந்த பித்தான்கள் போடுகிற இழுப்பறையைத் திறந்து, உள்ளேயிருந்து எதையோ எடுத்து, என் காகிதத்தின்மேல் வைத்தார்.

பந்து. நம் பழைய பந்து.

"என் கையிலதான் இருந்துச்சு" என்றார். "துணிக்குள்ள வந்து நேரா கையுறையில விழுந்துச்சு. எனக்கே தெரியல எப்படின்னு."

"அப்போ அது வழிமறிப்பே இல்லப்பா! ஏன் காட்டல?"

"காட்டினா அவ அவுட்டு."

அப்போதுதான், ஜன்னலுக்கு வெளியே, காய்ந்த துணி எடுக்க வந்த அத்தை கூடையோடு நிற்பதைப் பார்த்தோம். "அண்ணா, ஒரு வருஷமா நாங்க உங்களை அந்தத் திட்டு திட்டினோமே" என்றார் மெதுவாக.

"நீ சிரிச்சுட்டே வந்தியே" என்றார் அப்பா. "சின்ன வயசுல பார்த்தது, அப்படிச் சிரிச்சு. உன்னைத் தொட்டு அவுட் ஆக்கவும் மனசு வரல, ஒதுங்கணும்னும் தோணல. நின்னுட்டேன். அவன் பந்து இல்லன்னான். சரி, இல்லன்னே இருக்கட்டும்னு விட்டேன். அப்புறம் அவன் அண்ணன் கிடையாதுன்னுட்டான்."

எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. "மோதினப்போ கையுறை அத்தை மேல பட்டுச்சாப்பா?" என்று கேட்டேன். பட்டிருந்தால் அவுட், படவில்லையென்றால் இல்லை.

"அதை நடுவர் பார்த்திருக்கணும்" என்றார் அப்பா. "வந்து சொல்லச் சொல்லு. அண்ணன் கூப்பிட்டதா எழுது."

எழுதிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'டைம்' இன்னும் சொல்லப்படவில்லை, பந்து அப்பா கையில் இருக்கிறது, அத்தை எந்தப் பேஸிலும் இல்லை, ஆகவே ஆட்டம் இப்போதும் நடக்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். அப்பா பந்தைப் பார்த்தார். அத்தை படியைப் பார்த்தார். கூடை கீழே விழுந்தது. அத்தை செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தார், அப்பா பந்தோடு வாசற்படிக்குப் பாய்ந்தார். இந்த முறை வழியில் நிற்க அவருக்கு முழு உரிமை உண்டு. இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் கால் உடைந்த மூக்குக்கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தையின் கால் படிக்கு அருகே வந்துவிட்டது, அப்பாவின் கையும் அவர் தோளுக்கு அருகே போய்விட்டது. முதலில் பட்டது காலா, கையா என்று அவர்கள் இன்னும் வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான் இந்தக் கடைசி வரிகளைத் தடவித் தடவி எழுதுகிறேன். நான் பார்க்கவில்லை, சித்தப்பா. கடையடைக்கும் நேரம் என்று, சரியாக அந்த நொடியில், அம்மா விளக்குகளை அணைத்துவிட்டார்.